வெள்ளச்சி, வயது மூன்று

அக்கா,

இன்று காலை குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்கில் குத்தியது. உங்களுக்குப் பிறகு நம் தொட்டிக்கு வந்திருக்கும் ஆள் பவுடரைக் கரண்டியில் அளந்து போடுவதில்லை. கல்யாண வீட்டில் அட்சதை போடுவதுபோல அள்ளி வீசுகிறார். "ஏனுங்ண்ணா, தண்ணி குடிக்கறதுக்கா, துணி வெளுக்கறதுக்கா?" என்று கேட்டேன். பாவம், சிரித்துவிட்டுப் போய்விட்டார். நீங்களாக இருந்தால், "ரெண்டுக்குந்தான் சாமி, அப்படியே உன்ற வாயையும் வெளுத்துக்க" என்றிருப்பீர்கள்.

உங்கள் கையில் எப்போதும் இந்த வாசம்தான். என் தலையில் நீங்கள் ஒரு தட்டுத் தட்டினால் அது அரை நாள் என் முடியில் நிற்கும். நான் செய்த வேலைகளுக்கு என் முடியில் அந்த வாசம் இல்லாத நாளே கிடையாது. "தண்ணி வந்துருச்சு!" என்று பொய்யாகக் கத்தி, தெருவே குடத்தோடு ஓடிவருவதை மதில்மேல் உட்கார்ந்து பார்த்த அன்று மட்டும் நான்கு தட்டு.

நம் கள்ளிமேட்டில் கள்ளி கிடையாது, மேடு மட்டும்தான். அதுதான் பிரச்சினையே. புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி, இரண்டு கோழிப்பண்ணையைத் தாண்டினால் பெரியூர். அங்கே பள்ளிக்கூடம், ரேஷன் கடை, நர்ஸம்மா, பெரிய தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. அங்கிருந்து ஏறி வந்தால் நாம். பேருந்து நமக்குப் பேருக்குத்தான் உந்தும், பெரியூரிலேயே திரும்பிவிடும். தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று விளக்கம் கேட்டால் மட்டும் ஒரு வாரம் எரியும். அடிப்படை வசதி என்று சொல்ல, அடிக்க அடிக்கக் காற்று வரும் ஒரு அடிபம்பு. பெரியூர்த் தொட்டித் தண்ணீர் மேடேறி நம் பிளாஸ்டிக் தொட்டிக்கு வருவதற்குள் களைத்துவிடும். ஐந்து நாளைக்கு ஒருமுறை, வீட்டுக்கு ஆறு குடம். அந்த வால்வைத் திறந்து மூடுகிறவர் நீங்கள். ஊராட்சியில் தற்காலிகப் பணியாளர். ஊரே திட்டுவது மட்டும் நிரந்தரம்.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருஷம் அந்தச் செய்தி வந்தது. கள்ளிமேட்டில் இத்தனை தலைக்கு மேல் இருந்தால் தனியாக ஆழ்குழாய்க் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் கிடைக்கும். இல்லாவிட்டால் அது பெரியூரின் புது வீதிக்குப் போய்விடும். வீடுவீடாகப் போய்ப் பேர் எழுதித் தரும் வேலையை ஊராட்சியில் உங்கள் தலையில் கட்டினார்கள். நீங்கள் என்னை இழுத்துக்கொண்டீர்கள். "உன்ற கையெழுத்து அச்சு மாதிரி இருக்குது. வாய மூடிக்கிட்டு கையை மட்டும் தொறந்துட்டு வா."

முதல் வீடு பாவாயி சின்னம்மா வீடு. சோளத்தைப் புடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஊட்ல எத்தனை பேருங்க சின்னம்மா?"

"ரெண்டு பேரு. நானு, என்ற மாமியா."

"சித்தப்பாவும் உங்க பையனும்?"

"அவுங்க ரிக் வண்டியில போயி ஆறு மாசமாச்சு. அவுங்களுக்குமா நான் ஒலை வெக்கறேன்?"

எழுதிக்கொண்டேன். அடுத்த வீட்டில் மூன்று பேர். அதற்கடுத்த வீட்டில் ஒருவர். ஐந்தாவது வீட்டு வாசலில் நீங்கள் தாளை வாங்கிப் பார்த்தீர்கள். உங்கள் முகம் மாறியது. ஆழ்குழாய் போடும் ரிக் வண்டிகளில் ஏறிச் சத்தீஸ்கர், ஒடிசா என்று போன ஆண்கள் ஒருவர் பேரும் அதில் இல்லை. நம் ஊரில் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், இன்றைக்கு எத்தனை பேருக்கு உலை வைத்தோம் என்றுதான் பதில் வரும். எல்லா ஊருக்கும் துளை போட்டுத் தண்ணீர் காட்டப் போனவர்களை, தண்ணீர் கேட்கும் தாளில் அவரவர் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள்.

"இப்படியே போனா கள்ளிமேட்டுல பொம்பளைகளும் கோழியுந்தான் குடியிருக்குதுன்னு முடிவாயிரும்" என்று தாளைக் கிழித்தீர்கள். திரும்ப முதல் வீடு. இந்த முறை கேள்வியை மாற்றினீர்கள்: "ஒலைக்கு எத்தனை பேருன்னு சொல்ல வேண்டாம். மாரியாயி நோம்பிக்கு ஊட்டுக்கு எத்தனை பேரு வருவீங்க, அதைச் சொல்லுங்க." திருவிழா என்றதும் ஒவ்வொரு வீடாக நிறைந்தது.

உங்கள் வீட்டு முன்னால் வந்தபோது நீங்களே சொன்னீர்கள். "ரெண்டு பேரு. நானு, அவரு."

"போன நோம்பிக்கு மாமாவைப் பாக்கவே இல்லையேக்கா. இந்த நோம்பிக்காச்சும் வருவாருங்களா, இல்ல வண்டியைத்தான் கட்டிக்கிட்டாருங்களா?"

"எழுதுன்னா எழுது."

தட்டு விழவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடைசி வீடு மாரப்ப அய்யன் வீடு. அதற்குள் வால்வை மூடும் நேரம் வந்துவிட்டதால், "இந்த ஒரு ஊட்டை நீயே எழுதியாந்துரு" என்று நீங்கள் இறங்கிப் போய்விட்டீர்கள். அய்யன் தனி ஆள். நோம்பிக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். "நானு. அப்பறம் இதா, இவ வெள்ளச்சி" என்று பக்கத்தில் நின்ற ஆட்டின் முதுகைத் தடவினார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நானும் விளையாட்டுக்குத்தான் எழுதினேன். வெள்ளச்சி. பெண். வயது மூன்று. தொழில்: மேய்ச்சல். உங்களிடம் காட்டி, நீங்கள் சிரித்து, ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் வேறு தாளில் எழுதிக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

வால்வுக்கு வந்தால் ஊராட்சி அலுவலகத்து அண்ணன் வண்டியை அணைக்காமல் நின்றிருந்தார். என் கையிலிருந்து தாள்களை வாங்கி, மற்றவற்றோடு சேர்த்துப் பின் அடித்தார். வாயைத் திறந்தேன். "பாத்துப் போங்ண்ணா, காத்தடிக்குது" என்பதுதான் வெளியே வந்தது.

கிராமசபைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் நான் உங்களைப் பார்த்தேன். முதல் நாளே சொல்லியிருக்கலாம். நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தாளை மாற்றியிருப்பீர்கள். சொல்லவில்லை. ஆட்டை எழுதியதற்காக உங்கள் வேலை போய்விடுமோ என்று ஒரு பயம். யார் அவ்வளவு தூரம் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு நம்பிக்கை. மூன்றாம் நாள் நீங்கள் வால்வைத் திருகிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னீர்கள்: "வேண்டியதுக்கு மேல ரெண்டு தலை கூட இருக்குது சாமி. ஒண்ணு போனாலும் தாங்கும்." வெள்ளச்சி போனாலும் ஒரு தலை மிச்சம் என்று நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். கணக்கு சரியாக வந்துவிட்டதால் உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு நானே பாஸ் மார்க் போட்டுக்கொண்டேன். ஆனால் அந்த வாரம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வாயடித்தேன். வீட்டில் அம்மாவுக்கே சந்தேகம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கிராமசபை பெரியூர்ப் பள்ளிக்கூடத்து முன்னால். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒவ்வொன்றாக அக்கா. யாரும் படிக்க மாட்டார்கள் என்று நான் நினைத்ததை எல்லாம் படித்தார். கடைசித் தாளில் நின்றார்.

"வெள்ளச்சி. வயசு மூணு. தொழில் மேய்ச்சல்." கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வயசுக் குழந்தையை மேய்ச்சலுக்கு அனுப்பறீங்களா? யாரு வீடு இது?"

அய்யன் எழுந்து நின்றார். "கொழந்தை இல்லீங்க சாமி. ஆடுங்க."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பெரியூர்ப் புது வீதிக்காரர் ஒருவர், "விட்டா கோழிப்பண்ணையையும் சேத்து எழுதுவாங்க! அப்பறம் சென்னையை விடக் கள்ளிமேடு பெருசாயிரும்!" என்றார். எந்தக் கூட்டத்திலும் எனக்கு வராத ஒரு ஆசை அன்று வந்தது: யாராவது சிரிப்பை நிறுத்த மாட்டார்களா என்று. அதிகாரி சிரிக்கவில்லை.

"இது ஆடுன்னா, மத்ததெல்லாம் என்ன? இதுல எழுதியிருக்கற ஆம்பளைங்கள்ல பத்துப் பேரை ஊருக்குள்ளேயே காணோம்னு சொல்றாங்க. யாரு எழுதுனது?"

நான் முன்னால் இருந்தவர் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். நீங்கள் எழுந்தீர்கள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்தீர்கள்.

"நான்தானுங்க எழுதுனேன். ஆடு ஒண்ணு தப்புங்க. அடிச்சிருங்க. மீதி எல்லாம் உசுரோட இருக்கற ஆளுங்க. ரிக் வண்டியில போயிருக்காங்க."

"அது உங்க வாய்ல சொல்றது. ஆளைக் காட்டுங்க. நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். ஒருத்தரைக் காட்ட முடியலைன்னாலும் அந்தப் பேரை அடிச்சிருவேன். எண்ணிக்கை குறைஞ்சா பட்டியல் போச்சு."

அப்போது இரண்டரை இருக்கும். பத்துப் பேர் நான்கு மாநிலத்தில். மிச்சம் ஒரே ஒரு தலை.

நீங்கள் என்னிடம் திரும்பிச் சொன்னது ஒரே வார்த்தை: "ஓடு." ஓடினேன். மேட்டுக்கு ஏறி, வீடுவீடாகப் பெண்களையும் அவர்கள் செல்போனையும் ஆதார் அட்டைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். வீடியோ கால் எடுக்கும் அளவுக்கு சிக்னல் பள்ளிக்கூடத்துப் படியில் மட்டும்தான். ஒவ்வொருவராகப் படியில் ஏறி நின்று கூப்பிட்டார்கள். அதிகாரி கையில் ஆதாரை வைத்துக்கொண்டு, போனில் தெரிந்த முகத்தோடு ஒப்பிட்டார். ஒருவர் முகமெல்லாம் பாறைத் தூசியோடு வந்தார். மனைவியே, "மொகத்தைக் கழுவுங்க, ஆருன்னே தெரியல" என்று அதட்டினார். ராத்திரி வேலை முடித்துத் தூங்கி எழுந்த ஒருவர் லுங்கியோடு, பல்லில் பிரஷ்ஷோடு. ஒருவரைப் பின்னால் ஓடும் இயந்திரச் சத்தத்தில் பேர் கேட்கவே முடியாமல், கையில் எழுதிக் காட்டச் சொன்னார்கள். நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு பேருக்கும் அதிகாரி ஒரு டிக் போடும்போது நான் மூச்சு விட்டேன். மூன்று மணி இருபதுக்கு எட்டுப் பேர் முடிந்தது. பாவாயி சின்னம்மாவின் பையன் எடுக்கவில்லை. அவன் அப்பாவே வேறொரு வண்டியிலிருந்து, "அவன் காட்டுக்குள்ள இருக்கானுங்க, டவர் இல்ல" என்றார்.

"அடுத்தது" என்று அதிகாரி உங்கள் வீட்டுக்காரர் பேரை வாசித்தார்.

நீங்கள் போனை எடுத்தீர்கள். அழுத்தினீர்கள். நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை என்று அந்தப் பெண் குரல் ஸ்பீக்கரில், எல்லாருக்கும் கேட்கும்படி, முதலில் தமிழிலும் அப்புறம் இங்கிலீஷிலும் சொன்னது.

"வேற நம்பர் இருக்கா?"

நீங்கள் போனை முந்தானையில் துடைத்தீர்கள்.  எனக்கு ஒரு யோசனை வந்தது. என் தலையில் எப்போதும் யோசனைதானே. கிட்டே வந்து காதில் சொன்னேன்: "அக்கா, நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையில எங்க மாமா பையன் இருக்கான். ஆதாருல இருக்கறது பழைய போட்டோங்க, ஆளு இளைச்சுட்டாருன்னு சொல்லிக்கலாம். ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் பேசச் சொல்லட்டுங்களா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாகக்கூட இல்லை.

"ஒரு ஆடு போதும் சாமி."

பிறகு அதிகாரியின் மேசைக்குப் போனீர்கள். "அவரு பேரை அடிச்சிருங்க. அவரு ரிக்குல இல்லீங்க. போயி ரெண்டு வருசமாச்சு. அங்கேயே வேற குடும்பமாயிட்டாரு. வரமாட்டாருங்க." பட்டியலில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினீர்கள். "எழுதறப்போ எனக்கு மனசு வரலீங்க. அது என்ற தப்பு."

இரண்டு வருஷம். ஒவ்வொரு நோம்பிக்கும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று எங்களிடம் சொன்னீர்கள். ஊரோடு சேர்ந்து நீங்களும், இரண்டு ஆள் இருக்கும் வீடுபோல, ஆறு குடத்தையும் எடுத்துப் போனீர்கள். அதையெல்லாம் ஒரு வெயில் மதியத்தில், பெரியூர்க்காரர்கள் முன்னால், என் ஆட்டுக்காக அவிழ்த்துக் கொட்டினீர்கள். அதிகாரி பேனாவை உங்கள் பக்கம் நீட்டினார். நீங்களே கோடு போட்டீர்கள்.

இப்போது மிச்சத் தலை ஒன்றும் இல்லை. பாவாயி சின்னம்மா உங்களைப் பார்த்துச் சீறினார். "உன்ற ஊட்டு அசிங்கத்தை இங்க கொண்டாந்து கொட்டணுமா? இப்ப என்ற பையன் வரலைன்னா எல்லாம் போச்சு!" நீங்கள் படியில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். யாரும் உங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை அக்கா. பாவாயி சின்னம்மாவின் போனைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு நின்றேன். ஆடு, தொட்டி, நீங்கள் எல்லாம் போன் திரையில் சுழலும் அந்தப் பச்சை வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று ஐம்பது. அதிகாரி பைக்குள் தாள்களை வைக்க ஆரம்பித்தார். புது வீதிக்காரர் எழுந்து வேட்டியை உதறினார்.

மூன்று ஐம்பத்தாறுக்குப் போனில் ஒரு மரத்தின் கிளை தெரிந்தது. அப்புறம் பாதி முகம். "ஏம்மா, எதுக்கு இருவது வாட்டி கூப்புட்டிருக்கற? ஆராச்சும் செத்துப்போயிட்டாங்களா?"

"இல்லடா, நீ உசுரோட இருக்கறயான்னு பாக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே சின்னம்மா அழுதார். கடைசி டிக் விழுந்தது.

அன்று சாயங்காலம் நீங்கள் வழக்கம்போல வால்வைத் திறக்கப் போனீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீங்கள் குனிந்து திருகியபடியே, முகத்தைக் காட்டாமல் சொன்னீர்கள்:

"தொழில் மேய்ச்சல்னு எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு. சிரிக்கத்தான் முடியல."

அது எனக்காக நீங்கள் திறந்துவிட்ட கதவு. உள்ளே வந்து, மன்னிச்சிருங்கக்கா என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த வாட்டி ஆட்டுக்கு ரேஷன் கார்டு வாங்கிரலாங்க்கா." நீங்கள் என்னைத் தட்டவில்லை. "போ, குடத்தை எடுத்தா" என்றீர்கள். அவ்வளவுதான்.

தொட்டி வந்தது. கிணற்றில் தண்ணீர் பீறிட்ட அன்று ஊரே நனைந்தது; உங்களுக்கு மட்டும் ஒரு புதுப் பேரும் கிடைத்தது. ஆட்டுக்காரி. முதலில் பெரியூர்க்காரர்கள் சொன்னார்கள், அப்புறம் நம் ஆட்களே. "ஆட்டுக்காரி, தண்ணி எப்ப உடுவ?" என்பார்கள். நீங்கள், "ஆடு கத்தறப்போ" என்பீர்கள். நீங்கள் சொன்னதைத்தான் நான் எழுதினேன் என்று ஊர் நினைத்துக்கொண்டது; அய்யனும் வாய் திறக்கவில்லை, நீங்களும் ஒருநாள்கூட என் பேரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒன்றிரண்டு முறை கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன்.

போன ஐப்பசியில் உங்களுக்கு ஐந்து நாள் காய்ச்சல். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "ரெண்டு நாள்ல வந்துருவேன், அதுவரைக்கும் வால்வை நீ பாத்துக்க, பவுடரை அளந்து போடு" என்று சாவியை என் கையில் தந்துவிட்டு வண்டி ஏறினீர்கள். பேச நேரம் இருந்தது. காய்ச்சல்தானே, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். நீங்கள் திரும்பி வந்த வண்டியில் என்னால் உங்களிடம் பேச முடியவில்லை.

போன வாரம் குழாயடியில் பாவாயி சின்னம்மா, புதுசாக வந்த மருமகளுக்கு உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படி நீங்கள் ஆட்டுக்கு வயசு போட்டு எழுதினீர்கள், ஊர் மானம் எப்படிக் கப்பலேறியது என்று. அந்தப் பெண் குடத்தை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வரிசையில் ஏழெட்டுப் பேர். எனக்கு முன்னால் இரண்டு குடம்.

"அதை எழுதுனது அக்கா இல்லீங்க சின்னம்மா" என்றேன். "நான்."

எல்லாரும் திரும்பினார்கள். இதுவும் ஏதோ விளையாட்டு என்று நினைத்து யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முழுசாகச் சொன்னேன். ஆறு நாளையும் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் பேரில் நீங்கள் கோடு போட வேண்டி வந்தது யாரால் என்பதையும் சொன்னேன். தண்ணீர் குடத்தில் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. குழாயை யாரும் மூடவில்லை.

பாவாயி சின்னம்மா கடைசியில் குடத்தை இடுப்பில் ஏற்றினார்.

"அவ இருந்தப்போ சொல்லியிருந்தா அவ தலை நிமிந்திருக்கும். இப்ப சொல்லி ஆருக்கு?"

நான் வழிந்துகொண்டிருந்த குழாயை மூடினேன். சின்னம்மா போய்விட்டார். மறுநாளும் அதே வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

அக்கா, நம் ஊரில் இப்போது உங்களை யாரும் ஆட்டுக்காரி என்று சொல்வதில்லை. என்னைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். நேற்று பெரியூர் பஸ் ஸ்டாப்பில், பள்ளிக்கூடப் பையன்கள் முன்னால், ஒருவர் உரக்கக் கூப்பிட்டார். என் பேரைச் சொன்னதுபோலவே திரும்பி, "சொல்லுங்க" என்றேன்.